நாலு பேரும் ஒருத்தியும்

ஆட்சிக்குழு கூடும் நாளில் மட்டும் அப்பா தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுவார்.

அன்றும் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் காலர், பிறகு தோள்பட்டை, கடைசியில் கைகள். அம்மா சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. மூன்று வாரமாக அந்த வீட்டில் யாருக்கும் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை.

மூன்று வாரம் முன்புதான் பாப்பாவும் அவளுடைய நண்பர்கள் நாலு பேரும் வேதியியல் ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். இருபது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். ஆய்வகத்தில் புகையை வெளியே இழுக்கும் விசிறி நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அமில ஆவியில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். விசிறி ஓடும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது என்று ஐந்து பேரும் கதவில் பூட்டை மாட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வு நின்றுபோனது.

மறுநாள் பூட்டை அறுத்தார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். ஐந்து பேரையும் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்தது. கடைசி முடிவை எடுக்க வேண்டியது ஆட்சிக்குழு.

அந்தக் குழுவில் அம்மா உறுப்பினர். கணிதத் துறையில் பாடம் எடுப்பவள். ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அப்பா பல்கலைக்கழகத்தின் பதிவாளர். அதனால் அவர்தான் குழுவுக்குச் செயலாளர். குறிப்பெடுப்பார், விதி என்ன என்று கேட்டால் சொல்வார். ஓட்டு கிடையாது.

"வீட்டுலயும் எனக்கு அதே பதவிதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது மூன்று வாரமாகச் சொல்லவில்லை. வருகிறவர்களும் இல்லை.

பாப்பா தலையைக்கூட வாராமல் வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"எங்க விஷயம் எப்போ வரும்?"

அம்மா சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் பல்கலைக்கழகம் கிடையாது. மீறிப் பேசுகிறவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும். பத்து வயதில் பாப்பா போட்ட சட்டம் அது. அம்மாவும் அப்பாவும் சாப்பிடும்போது அலுவலகத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து அமலில் இருக்கிறது. அப்பா அநேகமாக எல்லாப் பாத்திரத்தையும் கழுவியிருக்கிறார்.

"நான் நின்னுக்கிட்டுதானே கேக்கறேன்? மேஜை அங்க இருக்கு" என்றாள் பாப்பா.

"மதியத்துக்கு முன்னாடி வந்துடும்."

"நீ வெளிய போயிடணும், இல்ல?"

"சொந்தக்காரங்க விஷயம் வந்தா எழுந்து போயிடணும். அதான் முறை."

"போனா எவ்வளவு?"

"நாலுக்கு நாலு."

"சமமா வந்தா?"

"துணைவேந்தர் போடுவார்."

"அவர் எந்தப் பக்கம்?"

"தெரியாது" என்றாள் அம்மா. தெரியும். பாப்பாவுக்கும் தெரியும்.

"நீ உள்ளே இருந்தா அஞ்சுக்கு நாலு. நாங்க தப்பிச்சோம். ஆக, நான் உன் வயித்துல பொறந்த பாவத்துக்கு அவங்க நாலு பேருக்கும் சேர்த்து வேட்டு." பாப்பா ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். "நல்ல குடும்பம்மா இது."

அம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி, அழுத்துவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

"எலி ஏன் வரதே இல்லை?" என்று கேட்டாள்.

எலி அந்த நாலு பேரில் ஒருத்தி. சின்ன உருவம், வேகமான நடை. தையல்காரம்மாவின் ஒரே பெண். வாரத்தில் பாதி நாள் இங்கேதான் சாப்பிடுவாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அப்பாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அவங்கம்மா விட மாட்டேங்கறாங்களாம்" என்றாள் பாப்பா. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. சட்டையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது.

"கூட்டத்துக்கு வர்ற ஒரு பொருள்ல அஞ்சு பேர் இருந்தா, தனித்தனியா பிரிச்சு எடுக்கச் சொல்லி எந்த உறுப்பினரும் கேக்கலாம். விதியில இடம் இருக்கு."

அம்மா கையில் தட்டோடு வந்து நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"இஸ்திரிப் பெட்டி ரொம்பச் சூடுன்னு சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை வருட வேலையில் குழுவுக்கு வரும் ஒரு விஷயத்தைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

*

குழு நாளில் இருவரும் ஒரே வண்டியில் போவதில்லை. அப்பா அலுவலகக் காரில் போவார். அம்மா பஸ்ஸில்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அம்மா மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். ஐந்து பேரையும் தனித்தனியாக எடுத்தால், முதல் நாலு பேருக்கு அவள் உள்ளே இருந்து ஓட்டுப் போடலாம். ஐந்துக்கு நாலு. நாலு பேரும் தப்பிவிடுவார்கள். ஐந்தாவதாகப் பாப்பா வரும்போது வெளியே போக வேண்டும். ஆனால் ஒரே நாள், ஒரே கதவு, ஒரே குற்றம். நாலு பேரை விட்டுவிட்டு ஐந்தாவது ஆளை எந்தக் காரணம் சொல்லி நீக்குவார்கள்? ஒரு சமன்பாட்டில் நாலு தடவை ஒரே விடை வந்தால் ஐந்தாவது தடவையும் அதுதான் வரும்.

கைபேசி அடித்தது. தங்கை.

"அக்கா, இன்னைக்குத்தானே?"

"ஆமாடி."

"அத்தான் ஏதாவது பேசினாரா?"

"அவர் பேசக் கூடாதுடி. செயலாளர்."

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் பட்டத்துல கையெழுத்துப் போடற மனுஷன், சொந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் பேசக் கூடாதாக்கும்? நல்லாயிருக்கு உங்க சட்டம். நானா இருந்தா அந்த மேஜை மேல ஏறி நின்னிருப்பேன்."

"நீ ஏறினா மேஜை தாங்காது."

"ஜோக்கெல்லாம் வருதே உனக்கு!" என்றாள் தங்கை. பிறகு குரல் இறங்கியது. "அக்கா, நீ அழுதியா? இல்லையா இன்னும்?"

"இறங்கற இடம் வந்துடுச்சு" என்றாள் அம்மா. வரவில்லை. இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது.

*

குழு அறையில் நீள மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஒலிவாங்கி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கோப்பு. ஏசி அதிகமாக வைத்திருந்தார்கள். துணைவேந்தர் தொண்டை மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, மெதுவான குரலில் பொருள்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தார். அவருக்கு வலப்பக்கம் அப்பா, குனிந்த தலையோடு எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த அறையில் அம்மா அவரைப் 'பதிவாளர் சார்' என்பாள். அவர் இவளை 'மேடம்' என்பார்.

"அடுத்தது மாணவர் ஒழுங்கு நடவடிக்கை" என்றார் துணைவேந்தர். அம்மாவைப் பார்த்தார். எழுந்து போவாள் என்று காத்திருந்தார்.

அம்மா எழவில்லை. ஒலிவாங்கியை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்தப் பொருளை ஐந்தாகப் பிரித்து எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது மாணவி வரும்போது நான் வெளியே போகிறேன். மற்ற நாலு பேரும் எனக்கு எந்த விதத்திலும் உறவில்லை."

எதிரே உட்கார்ந்திருந்த மில் முதலாளி பேனாவை மேஜையில் வைத்தார். அரசு நியமித்த உறுப்பினர் அவர்.

"பதிவாளர், விதி இடம் தருதா?" என்றார் துணைவேந்தர்.

"தருது சார். எந்த உறுப்பினரும் கேக்கலாம்."

"மேடம் கேக்கறாங்க, சார் விதியை ரெடியா வெச்சிருக்கார்" என்றார் மில் முதலாளி. "ராத்திரியே வீட்டுல ஒரு கூட்டம் நடந்து முடிஞ்சிருக்கும் போல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. மரியாதைக்காகச் சிரிப்பது போலத்தான் இருந்தது. அப்பாவின் காது மட்டும் சிவந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கோப்பைப் பார்த்தாள்.

"கேட்டது முறைதான்" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் நீக்க வேண்டும் என்கிற பக்கம். ஆனாலும் சொன்னார். "பிரிச்சே எடுங்க."

பிரித்தே எடுத்தார்கள். வரிசைப்படி முதல் மாணவன். கை தூக்கினார்கள். ஐந்துக்கு நாலு. நீக்கம் இல்லை, கண்டிப்பு மட்டும். இரண்டாவது மாணவன், அதே. மூன்றாவது பெயரைப் படித்தார்கள். எலியின் முழுப் பெயரை அம்மா அன்றுதான் கேட்டாள். நீளமான, அழகான பெயர். கை தூக்கினாள். ஐந்துக்கு நாலு. நாலாவதும் அப்படியே.

ஒவ்வொன்றையும் அப்பா எழுதினார்.

துணைவேந்தர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதவு வரைக்கும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

*

வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. எதிர்ச்சுவரில் பழைய துணைவேந்தர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லோரும் ஒரே அங்கியைப் போட்டுக்கொண்டு எடுத்ததுபோல இருந்தது. அங்கி ஒன்றுதான், ஆட்கள்தான் மாறியிருந்தார்கள்.

கதவுக்கு உட்புறம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். சத்தம் வெளியே வராது.

அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் தீயணைப்புக் குப்பி ஒன்று தொங்கியது. அதில் கட்டியிருந்த சீட்டைப் படித்தாள். வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சோதித்திருந்தார்கள். யாரோ ஒருவர் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்று நினைத்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள்.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார்.

"மேடம், கூப்பிடறாங்க."

உள்ளே போனாள். உட்கார்ந்தாள். வெளியே போய்விட்டு வருகிற உறுப்பினருக்கு முடிவைச் சொல்லும் வழக்கம் அந்த அறையில் இல்லை. அடுத்த கூட்டத்தில் குறிப்பு வரும்போது படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அடுத்த பொருள்" என்றார் துணைவேந்தர்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காலையில் இஸ்திரி போட்ட சட்டையின் நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கண்ணாடி, இடது கண்ணாடி, மறுபடி வலது.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படித் துடைத்து அவள் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த பொருள் மாணவர் விடுதிக்குப் புதிய தண்ணீர்த் தொட்டி. பொறியாளர் கொடுத்த குறிப்பில் தொட்டியின் கொள்ளளவு தப்பாகப் போட்டிருந்தது. அம்மா ஒலிவாங்கியை அழுத்திச் சொன்னாள். நீளம், அகலம், உயரம் பெருக்கினால் இந்த எண் வராது என்றாள். எல்லோரும் கோப்பைப் புரட்டினார்கள்.

"நல்லவேளை பார்த்தீங்க" என்றார் மில் முதலாளி.

"பரவாயில்லை" என்றாள் அம்மா.

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

கூட்டம் முடிந்ததும் டாக்டரம்மா கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தாள். குழுவில் அம்மாவின் பக்கம் நின்ற நாலு பேரில் ஒருத்தி.

"நாங்க நாலு பேரும் மாறல. அது உங்களுக்குத் தெரியணும்."

"தெரியும்."

"அவர்தான். நாலுக்கு நாலுன்னு வந்ததும் அவர் ஓட்டைப் போட்டார். மத்தவங்களை விட்டது வேற, இது வேறன்னார். பூட்டு வாங்கினது நான்தான்னு விசாரணையில அவளே சொல்லியிருக்கா. அதனால அவ கேஸ் தனியாம்."

அம்மா குழாயை மூடினாள்.

"அதோட, உறுப்பினர் பொண்ணு, பதிவாளர் பொண்ணு. அவளையும் விட்டுட்டா வெளிய என்ன பேசுவாங்கன்னு கேட்டார். அதுக்கு யாருக்கும் பதில் சொல்லத் தெரியல." டாக்டரம்மா கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "ஒண்ணாவே வந்திருந்தா அஞ்சு பேரும் போயிருப்பாங்க. நீங்க நாலு பேரைக் காப்பாத்தியிருக்கீங்க. அப்படி எடுத்துக்குங்க."

"அப்போ அவர் என்ன பண்ணார்?"

"துணைவேந்தரா?"

"எங்க வீட்டுக்காரர்."

டாக்டரம்மா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எழுதிட்டிருந்தார்" என்றாள்.

அம்மா படி இறங்கினாள். கீழே தூணோரம் தையல்காரம்மா நின்றிருந்தாள். கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நாலு பேருக்கு நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்கம்மா. என் பொண்ணு பேரும் இருக்காம். நீங்கதான் கேட்டீங்களாமே, தனித்தனியா எடுக்கச் சொல்லி. நீங்க நல்லா இருக்கணும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அழுத்தமாகப் பிடித்திருந்தாள். அம்மா தன் கைகளை யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உங்க பொண்ணுக்கும் முடிஞ்சிருக்கும்ல?"

"எனக்கு பஸ் வந்துடும்" என்றாள் அம்மா.

எலி, தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வணக்கம் சொல்லவில்லை. நிமிரவும் இல்லை. தரையில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுப் பக்கமே காணோமே? சாப்பிட வா" என்றாள் அம்மா.

எலி தலையசைத்தாள். வாய் ஒரு மாதிரி கோணியது. கூச்சம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

*

மாலையில் அப்பாவின் மேஜைக்கு உத்தரவு வந்தது. பிரிவு அலுவலர் கோப்பை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

நீக்க உத்தரவுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அனுப்புநர், பதிவாளர். பெறுநர், மாணவரின் தந்தை.

"என்ன?" என்றார் அப்பா.

"ஒரு சந்தேகம் சார். பெறுநர் இடத்துல உங்க பேர் வருது. முன்னாடி 'திரு' போடணுமா, பின்னாடி 'அவர்கள்' போடணுமா? நீங்களே உங்களுக்கு அனுப்பறதால..." அவர் நல்ல மனிதர். சொல்லும்போதே முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார். முன்னாடி இப்படி வந்ததில்லை."

"ரெண்டும் வேண்டாம்."

"சரி சார்."

"வெச்சுட்டுப் போங்க."

அப்பா பேனா மூடியைக் கழற்றினார். பதிவாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே, உத்தரவைப் பெற்றுக்கொண்டேன் என்று தந்தை கையெழுத்துப் போட வேண்டிய இடமும் காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். கோப்பை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினார். கையெழுத்துப் போடாத காகிதத்தை மேஜையில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனதே கிடையாது. அன்று போனார்.

*

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பாப்பா தலை வாரியிருந்தாள். மேஜையைத் துடைத்து, தட்டு, தம்ளர் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சாதாரணமாக அவள் ஒரு ஸ்பூனைக்கூட நகர்த்த மாட்டாள்.

"யார் சொன்னா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. 'நான் உள்ளே'ன்னு எலி மெசேஜ் போட்டா. மத்த மூணு பேரும் போட்டாங்க. என்னைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அதுலயே தெரிஞ்சுபோச்சு." பாப்பா தட்டில் சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பிரிச்சு எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்" என்றாள் அம்மா.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லித்தான்."

பாப்பா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

"நாலு பேரை விட்டுட்டு, அதே தப்புக்கு ஒருத்தியை மட்டும் பிடிப்பாங்கன்னு நான் நெனைக்கல. அப்படி நடந்ததே கிடையாது. பழைய தீர்மானம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒண்ணுலகூட அப்படி இல்ல."

"இனிமே இருக்கும்ப்பா" என்றாள் பாப்பா. "அடுத்த தடவை யாராவது கேட்டா சொல்லலாம், முன்னுதாரணம் இருக்குன்னு."

அவள் குத்திக்காட்டுவதாகத் தெரியவில்லை. தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அது குத்தலைவிட மோசமாக இருந்தது.

"பூட்டு வாங்கினது நீன்னு ஒத்துக்கிட்டதாலதான்" என்றாள் அம்மா. "அதை வெச்சுத்தான் உன்னைத் தனியா எடுத்திருக்காங்க."

பாப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய்.

"பூட்டு நான் வாங்கலம்மா."

வெளியே தெருவில் ஒரு வண்டி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"யாரு வாங்கினதுன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும். என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. என்மேல யாரு கை வைப்பாங்கன்னு." பாப்பா லேசாகச் சிரித்தாள். "நானும் கணக்குப் போட்டேன். நீங்க ரெண்டு பேரும் மட்டும்தான் போடுவீங்களா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேஜையில் வைத்தார். குரல் அலுவலகக் குரலாக மாறியிருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"அப்படின்னா ஒரு வழி இருக்கு. வேந்தருக்கு மேல்முறையீடு பண்ணலாம். பூட்டு வாங்கினது நீ இல்ல, இன்னார்னு எழுதிக் கொடுத்தாப் போதும். உன் கேஸ் மத்தவங்க கேஸ் மாதிரி ஆயிடும். உள்ளே வந்துடலாம்."

"வாங்கினவங்க?"

அப்பா தம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"வாங்கினவங்க வெளிய போயிடுவாங்க. சரியாப்பா?"

"விதிப்படி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பாப்பா. யாரு வாங்கினது?"

பாப்பா நிமிர்ந்தாள். அம்மாவை நேராகப் பார்த்தாள். பத்து வயதில் அந்தச் சட்டத்தைப் போட்டபோது இருந்த அதே முகம். இந்தத் தடவை அழுகை மட்டும் இல்லை.

"சாப்பாட்டு மேஜையில பல்கலைக்கழகம் கிடையாதும்மா" என்றாள்.

அப்பா எழுந்தார். மூன்று தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மேஜையில் பாப்பாவின் கைபேசி வெளிச்சம் போட்டது. திரையில் 'எலி' என்று வந்தது. பாப்பா அதை எடுக்கவில்லை. குப்புறத் திருப்பி வைத்தாள்.

அம்மாவுக்குத் தூணோரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் ஞாபகம் வந்தது. பிறகு, காய்த்துப்போன விரல்கள் தன் கையை அழுத்திக்கொண்டிருந்த இடம்.

இப்போதுதான் அது வலித்தது.